நாற்பதாயிரம் பேரில் ஓர் ஐந்துக்கு ஐந்து

1

சென்ற வாரம் ராசு போன் செய்தான். ராசு என் சித்தப்பா மகன். புள்ளியியல் துறையில் என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்து, எனக்கு இரண்டு வருஷம் பின்னால் ஓய்வு பெற்றவன். இப்போது அன்னவாசலில் இருக்கிறான். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது.

"அண்ணே, பேத்திய அம்புட்டுப் பெரிய யுனிவர்சிட்டியில சேத்தீங்களே, எதப் பாத்துச் சேத்தீங்க?"

"என்னடா திடீர்னு?"

"என் மக வீட்டுப் பயலுக்கு ரெண்டு எடம் கெடச்சிருக்கு. சென்னையில ஒண்ணு, கடல் மாதிரி. திருச்சிக்கிட்ட ஒண்ணு, கைக்குள்ள அடங்குற மாதிரி. வீட்டுல ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாங்க. நடுவுல நான் கெடந்து முழிக்கிறேன்."

"போன்ல சொல்லி முடியிற விஷயமில்ல அது."

"அப்ப எழுதுங்க. அங்க உக்காந்து வேற என்ன வெட்டி முறிக்கிறீங்க?"

வேலை இல்லாமலில்லை. காலையில், இங்கே அமெரிக்காவில், எங்கள் தெருவை இரண்டு சுற்று நடக்கிறேன். வழியில் முப்பத்தெட்டு தபால் பெட்டிகள், பதினொரு நாய்கள். எண்ணாமல் நடந்தால் நடந்த மாதிரியே எனக்கு இருப்பதில்லை. திரும்பி வந்ததும் மாத்திரை. அதன் பிறகு, மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஆகவே எழுதுகிறேன். ராசு வீட்டில் நடக்கிற இழுபறி நம் மாவட்டத்தில் இன்னும் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும். எனக்கு இதில் தீர்மானமான கருத்து உண்டு. முதலில் இருந்த கருத்து இதற்கு நேர் எதிரானது. அப்போதும் நான் இதே அளவுக்குத் தீர்மானமாகத்தான் இருந்தேன்.

2

பேத்தி பெயர் மதுமிதா. என் மகன் செந்திலுக்கு ஒரே பெண். எங்கள் பக்க வழக்கப்படி அப்பாவின் அப்பாவாகிய என்னை 'அய்யா' என்று கூப்பிடுவாள். அவளுடைய தோழிகள் அதுதான் என் பெயர் என்று நினைத்து, அவர்களும் 'ஹலோ அய்யா' என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இந்த நாட்டில் என் சொந்தப் பெயருக்கு நேர்ந்த கதி அப்படி.

என் பாஸ்போர்ட்டில் வெள்ளைச்சாமி என்பதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அடித்துவிட்டார்கள். முதல் பெயர்க் கட்டம் காலி. காலியான கட்டத்தை அமெரிக்க அரசாங்கம் சும்மா விடாது. 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் போட்டு நிரப்பிவிட்டது: எஃப், என், யூ. நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. மருந்துக் கடையில் 'மிஸ்டர் ஃப்னூ, உங்கள் மாத்திரை தயார்' என்று கூப்பிடுகிறார்கள். நான் கை தூக்குகிறேன்.

மதுவுக்குப் பேச்சு குறைவு. வீட்டில் என்னோடு பேசுவாள், அதுவும் என் ஊர்ப் பேச்சிலேயே. 'இங்கிட்டு', 'அங்கிட்டு' என்று அவள் சொல்வதைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை இரண்டு முறை திருத்தினார். அவள் திருந்தவில்லை. வெளியில் போனால் வாயில் பூட்டு. தாகம் எடுத்தால்கூடத் தண்ணீர் கேட்க மாட்டாள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறினாள். அந்த வருஷம் நடந்தது எங்கள் வீட்டில் இன்னும் ஆறாத புண். ஒரு நாள் பள்ளி நூலகர் போன் செய்து, 'உங்கள் பெண் பல வாரங்களாக மதியச் சாப்பாட்டை நூலகத்தில், பின் வரிசை அலமாரிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்டார். தெரியாது. மருமகள் ரேவதி அன்று அழுதாள். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி: "யாரோட சாப்பிட்ட?" மதுவும் தினமும் ஒரே பதில்: "ஃபிரண்ட்ஸோட." எத்தனை ஃபிரண்ட்ஸ் என்று நான் கேட்பேன். அவள் தன் அறைக்குப் போய்விடுவாள்.

அந்தப் பிள்ளைக்குத்தான் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று, எங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம். காரில் இரண்டு மணி நேரம், சுற்றிலும் மக்காச்சோளக் காடு, மாணவர்கள் மட்டும் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். இன்னொன்று, கிழக்கே தள்ளி ஒரு சின்னக் கல்லூரி. மொத்தமே ஆயிரத்து இருநூறு பேர். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

செந்தில் பெரியதற்கு. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, தன் காரணங்களைக் கட்டம் போட்ட அட்டவணையாக வாட்ஸாப்பில் அனுப்பினான். ரேவதி சின்னதற்கு. அவள் அட்டவணை எதுவும் போடவில்லை.

"மாமா, கல்யாண வீட்டுக்கு வந்தாளா இல்லையான்னு தெரியாத பொண்ணு இவ. நாப்பதாயிரம் பேருக்குள்ள போட்டா இருக்கான்னே யாருக்கும் தெரியாது. சாப்பிடலைன்னா யாரு போன் பண்ணுவாங்க?"

நான் ரேவதி கட்சி. சின்னக் கல்லூரியைப் போய்ப் பார்த்தும் வந்தோம். வாசலில் இறங்கும்போதே 'வா மதுமிதா' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மதியம் நான்கு மாணவர்கள் அவளைச் சூழ்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பதினோரு பேருக்கு ஓர் ஆசிரியர். திரும்பும் வழியெல்லாம் மது கார் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினாள். பிள்ளைக்கு மனசு நிறைந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன்.

3

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராசு இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு கிராமத்தில் இந்த வருஷம் நெல் எவ்வளவு விளைந்தது என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும். எல்லா வயலையும் அறுத்து எடை போட முடியாது. ஆகவே நாலு வயல். எந்த நாலு என்பதை நாங்களும் தீர்மானிக்கக் கூடாது, விவசாயியும் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் மாதிரி எண்கள் அடித்த அட்டவணை ஒன்று அதைச் சொல்லும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, அட்டவணை சொல்கிற அளவு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, கயிற்றுக்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். முளை விழுந்த இடம் வெறும் பதராக இருந்தாலும் நகர்த்தக் கூடாது.

நகர்த்தச் சொல்லாத விவசாயியை நான் பார்த்ததில்லை. "சார், இங்கிட்டு வாங்க, கதிரு தலை சாஞ்சு கெடக்குறது இந்த மூலையிலதான்." பயிர்க் காப்பீடு கிடைக்கலாம் என்கிற வருஷமானால் அதே ஆள், "சார், அங்கிட்டு எதுக்குப் போறீங்க, காஞ்ச மூலை இதுல்ல?" என்பார். யார் எந்த மூலையைக் காட்டினாலும் சிரித்துக்கொண்டே அட்டவணைப்படி நடந்துவிடுவோம்.

குடுமியான்மலையைத் தாண்டி ஒரு கிராமம். அங்கே சின்னக்கண்ணு என்று ஒருவர். அவருடைய வயல் கண்மாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடத்தில் இருந்தது. அந்த வருஷம் அங்கே போய்ச் சேரவே இல்லை. மற்ற வயல்களெல்லாம் ஓரளவு தேறிவிட்டன. முளை விழுந்த நாலு வயலும் நன்றாகவே எடை காட்டின. கிராமத்துக்கு ஒரு சராசரி. சராசரி நன்றாக இருந்தால் அந்தக் கிராமத்தில் யாருக்கும் நஷ்ட ஈடு கிடையாது. விதி அது. சின்னக்கண்ணு அலுவலகத்துக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"ஊரு சராசரியா வெளஞ்சிருச்சுங்கிறீங்க. சரி சார். எங்க வீட்டு ஒலையில அந்தச் சராசரியப் போட்டு வேக வச்சுக்கிறவா?"

ராசு அடுத்த மேஜையில் இருந்தான். இரண்டு பேரும் எழுந்தோம். அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தோம்.

இந்தக் கதையை நான் மதுவுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது மனப்பாடம். பெரிய பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் எனக்குச் சின்னக்கண்ணுதான் ஞாபகம் வந்தார். நாற்பதாயிரம் பேரின் சராசரி அமோகமாகத்தான் இருக்கும். தண்ணீர் வராத கடைசி வயலில் என் பேத்தி நின்றால்?

4

போன வருஷம் ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, இடம் கிடைத்தவர்களைக் குடும்பத்தோடு வரச் சொல்லி அந்தப் பெரிய பல்கலைக்கழகம் அழைத்திருந்தது. வாசலிலேயே எனக்குச் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்: 'ஹலோ, என் பெயர் ஃப்னூ'.

சுற்றிக் காட்ட வந்த பெண் எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள். ஓர் இடத்திலும் இடறவில்லை. அந்தத் திறமையை நான் மெச்சினேன். பெரிய வகுப்பறை ஒன்றைக் காட்டினாள். இருபத்திரண்டு வரிசை, வரிசைக்குப் பதினெட்டு நாற்காலி. பெருக்கிப் பார்த்துவிட்டு ரேவதியிடம் சொன்னேன். ரேவதி மதுவைப் பார்த்தாள். மது கூரையைப் பார்த்தாள். புதுக் கட்டடம், நீரூற்று, கண்ணாடி மாளிகை போன்ற உடற்பயிற்சிக் கூடம் என்று அந்தப் பெண் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் கதிர் தலை சாய்ந்து கிடக்கும் மூலை.

"மது, இது வெவசாயி காட்டுற எடம். நம்ம அட்டவணைப்படி போவோமா?"

அவள் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

செந்திலிடம் சொன்னபோது, "அப்பா, இது என்ன நெல்லு வயலா?" என்றான். "மாமா, முட்டி வலிக்கும்" என்றாள் ரேவதி. நானும் மதுவும் கழன்று வந்துவிட்டோம்.

கையில் கொடுத்திருந்த வரைபடம் கட்டம் கட்டமாக இருந்தது. மேலே எழுத்து, பக்கவாட்டில் எண். அட்டவணைக்கு எங்கே போவது? எதிரே வந்த நான்கு பேருந்துகளின் எண்களை எடுத்துக்கொண்டோம். நான்கு எண்ணுக்கு நான்கு கட்டம். விதியை நான் சொன்னேன்: "முளை விழுந்த எடத்துல உக்காருவோம். நீயா யாருகிட்டயும் பேசக் கூடாது. யாராச்சும் வந்து உன்கிட்டப் பேசுறாங்களான்னு எண்ணுவோம். அதுதான் வெளைச்சல்."

முதல் கட்டம், மாணவர்கள் சாப்பிடுகிற கூடம். மதிய நேரம். நானூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். நாங்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்தோம். நெடுநேரம் கழித்து ஒரு பையன் மதுவிடம் வந்து, பக்கத்து நாற்காலியில் யாராவது இருக்கிறார்களா என்று சிரித்த முகத்தோடு கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"இதக் கணக்குல சேக்கலாமா அய்யா?"

"சேக்க முடியாது. இருந்த நாற்காலியும் போச்சு."

இரண்டாவது கட்டம், மாணவர் கணக்கு அலுவலகம். டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். நான் முதல் பெயர் விவகாரத்தைக் கேட்கலாம் என்று டோக்கன் எடுத்தேன். பேத்தி படிவங்களில் என் பெயர் இப்படியே ஏறிவிடக் கூடாதல்லவா. ஜன்னலில் இருந்தவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அது வேறு அலுவலகம் என்றார். வேறு அலுவலகம் எங்கே என்றேன். இணையதளத்தில் இருக்கிறது என்றார். நம் ஊர்த் தாலுகா ஆபீசின் ஞாபகம் வந்து, ஒரு நொடி சொந்த மண்ணில் நிற்பது போலவே இருந்தது.

மூன்றாவது, ஒரு விளையாட்டு மைதானத்தின் ஓரம். சுமார் முப்பது பேர் ஓடினார்கள். எங்களைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். அவ்வளவுதான்.

"மூணும் பதர்," என்றேன். எனக்கு உள்ளூரத் திருப்தி. நான் சொன்னதை நிரூபித்துவிட்டேன்.

மது வரைபடத்தை மடித்தாள். "நாலாவதுக்குப் போவோம். முளையை நகத்தக் கூடாதுல்ல?" என்றாள்.

5

நான்காவது கட்டம் வளாகத்தின் கோடியில், யாரும் சுற்றிக் காட்டாத ஒரு பழைய செங்கல் கட்டடம். தரைக்குக் கீழே ஒரு நடை. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது. ஒரு பெஞ்சு. எதிர்ச் சுவரில், சுவரளவுக்கு ஒரு வரைபடம்: அந்த மாவட்டத்தின் ஓடைகள், கிணறுகள், நூற்றுக்கணக்கான குண்டூசிகள்.

உட்கார்ந்தோம். அழுக்கு ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், கெண்டியோடு போனாள், வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. நான் வரிசைக் கடைசியில் ஒரு சைபர் போடத் தயாராக இருந்தேன். மது எழுந்து வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்றாள்.

"அய்யா, இந்த ஓடை இங்க வந்து நின்னு போகுது. இங்கிட்டுப் பாருங்க, நாலு மைல் தள்ளித் திரும்ப வருது. நடுவுல எங்க போச்சு?"

"பூமிக்குள்ள போயிருக்கும்."

"ஏன் போச்சு?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

மூடிய கதவுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீயா பேசக் கூடாது. விதி," என்றேன்.

"நீங்க வாயத் தொறக்காதன்னீங்க. நானும் தொறக்கல. அப்புறம் யாரும் பேசலைன்னு பதர் போடுறீங்க. இது எந்த ஊரு நியாயம் அய்யா?"

சொல்லிவிட்டுப் போய், அந்த அம்மாள் நுழைந்த கதவைத் தட்டினாள். என் பேத்தி. தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்காதவள். கதவு திறந்தது, உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது.

நான் பெஞ்சில் இருந்தேன். மேலே கூரைப் பலகைகளை எண்ணினேன். எத்தனை என்று இப்போது நினைவில்லை. எனக்கு அப்படி மறப்பது அபூர்வம். உள்ளே அந்த அம்மாளின் குரல் கேட்டது. அப்புறம் மதுவின் குரல். நடுநடுவே நிறுத்தாமல், தொடர்ந்தாற்போல் கேட்டது. ஒரு தடவை அவள் சத்தமாகச் சிரித்தாள். வீட்டுக்கு வெளியே அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

வெளியே வந்தபோது கையில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. அந்த ஓடையின் பழைய வரைபடம், கொடுத்துவிட்டார்களாம்.

"அவங்க தண்ணி ஆராய்ச்சி பண்ற புரொபசராம். அவங்களுக்கும் தெரியலையாம் அய்யா! முழுசாத் தெரியலையாம். சுண்ணாம்புப் பாறைன்னு நெனைக்கிறாங்க. ஃபால்ல, காலேஜ் தொறந்ததும், ஆத்துக்குப் போய் அளப்பாங்களாம். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்களும் வரலாம்னாங்க."

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசினாள். நான் பாதி கேட்டேன், பாதி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அந்தச் சின்னக் காலேஜுல எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. நாலு பேரு சுத்தி உக்காந்து, நீ என்ன நெனைக்கிற, நீ என்ன நெனைக்கிறன்னு. எனக்கு மூச்சு முட்டுச்சு. வர்றப்ப கார்ல நான் தூங்கல. கண்ண மூடிக்கிட்டேன், அவ்வளவுதான். இங்க யாரும் பாக்கல. பாக்காததால எந்திரிச்சுப் போய்த் தட்ட முடிஞ்சுது."

"அந்த லைப்ரரி?"

"மொதல் ரெண்டு வாரம் அழுகையா வந்துச்சு. அப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த அலமாரியில மேப் புக்கா இருக்கும். அம்மா அழுததுக்கப்புறம்தான் அது தப்புன்னு ஆச்சு."

நான் விடுவதாக இல்லை. "நாலுல மூணு பதரும்மா. சராசரி போட்டா…"

"சின்னக்கண்ணு கதைய நீங்கதான சொன்னீங்க? ஊரே வெளஞ்சும் அவருக்குப் பிரயோசனமில்ல. அப்ப ஊரே காஞ்சா எனக்கென்ன? என் வயல் இங்கிட்டு இருக்கு."

முப்பத்தி நாலு வருஷம் சராசரி போட்டவன் நான். அந்தக் கதையை இப்படித் திருப்பிப் பிடிக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இருந்தாலும் ரேவதியின் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்டேன்.

"நீ சாப்பிடலைன்னா இங்க யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்லவில்லை.

"யாருக்கும் தெரியாது அய்யா. நான்தான் சொல்லணும். சொல்றேன்."

6

அன்று இரவே அவள் தன் கையால் சம்மதம் அனுப்பினாள். ரேவதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கட்சி மாறியவனுக்கு அது நியாயமான தண்டனைதான்.

ராசுவுக்கும், இதைப் படிக்கிற மற்ற வீட்டாருக்கும் நான் சொல்வது இவ்வளவே. பெரியதா சின்னதா என்று வரப்பில் நின்று அளக்காதீர்கள். அவர்கள் காட்டுகிற மூலையையும் நம்பாதீர்கள், என்னைப் போல மூன்று கட்டம் பார்த்துவிட்டுத் தலையையும் ஆட்டாதீர்கள். பிள்ளையை உள்ளே நடக்க விடுங்கள். எந்தக் கதவைத் தானாகப் போய்த் தட்டுகிறது என்று பாருங்கள். எந்தக் கதவையும் தட்டவில்லையானால், அந்த இடம் எவ்வளவு பெரியதானாலும், எத்தனை பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வேண்டாம். தட்டிவிட்டால், மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்வது என்றால் அலுங்காமல் குலுங்காமல் அல்ல. அக்டோபரில் மது ஒரு நாள் அழுதுகொண்டே போன் செய்தாள். ஏதோ ஒரு படிவத்தை ஏதோ ஓர் அலுவலகம் தொலைத்துவிட்டது; அவள் பெயரே வகுப்புப் பட்டியலில் இல்லை. வேறு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்களாம். போனாள். இன்னொன்றுக்கும் போனாள். மூன்றாவது அலுவலகத்தில் சத்தம் போட்டாளாம். அவள் சத்தம் போட்டாள் என்பதை ரேவதி நம்பவே இல்லை.

இதை முழுக்க ராசுவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அண்ணே, நாலுல மூணு பதருன்னு எழுதிட்டு, ஒத்த வயல வச்சு அமோகம்னு முடிக்கிறீங்களே. மாவட்ட ஆபீசுக்குப் போயிருந்தா கிழிச்சு மூஞ்சியில எறிஞ்சிருப்பாங்க."

"எறியட்டும்டா. பயல மொதல்ல ரெண்டு எடத்துக்கும் கூட்டிக்கிட்டுப் போ. நீ பெஞ்சுல உக்காந்துக்க."

இந்தக் கோடை விடுமுறைக்கு மது வீட்டுக்கு வரவில்லை. ஆற்றை அளக்கும் வேலை என்று அங்கேயே தங்கிவிட்டாள். ரேவதிக்கு அது குறைதான். எனக்கும் சாயங்காலம் பேச ஆளில்லை. நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். முட்டியளவு சேற்றில், கயிறும் கம்புமாக ஒரு கூட்டம் நிற்கிறது. வழக்கம் போல எண்ணினேன். ஏழு பேர். ஆறு பேர் ஒருத்தியைப் பார்த்து நிற்கிறார்கள். அந்த ஒருத்தி ஓடையின் பக்கம் கை நீட்டியிருக்கிறாள், வாய் திறந்திருக்கிறது.